'மறுகா?' என்று கேட்பவர்

எங்கள் பக்கத்தில் 'பிறகு' என்ற சொல்லைப் புத்தகத்தில்தான் அதிகம் காணலாம். வாயில் வருவது 'மறுகா'. மறுகா வாறன், மறுகா பாப்பம், மறுகா என்ன நடந்த என்று மட்டக்களப்பில் நாள் முழுக்க அந்தச் சொல் புழங்கும். வேண்டாத வேலையைத் தள்ளிப்போடவும் அதுதான், கதை சொல்பவரை மேலே சொல்ல வைக்கவும் அதுதான். ஆளைக் குடைவதற்கென்றே அதை வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

களுவாஞ்சிக்குடி பிரதான வீதியில் நான் ஃபோனும் கணினியும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒரு பெண் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முதலாளி எங்கே என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் சொன்ன அந்த அம்மா முதல் நாள் வந்தபோது அப்படிக் கேட்கவில்லை. ஃபோனை மேசையில் வைத்து, பற்றரி நிற்குதில்லை என்றார். புதிது போட்டால் இரண்டு வருடத்துக்குப் பிரச்சினை இராது என்றேன்.

“மறுகா?”

மறுகா இன்னொன்று போடலாம் என்றேன். அந்த மொடல் பற்றரி அப்போதும் வருமா என்றார். வராவிட்டால் புது ஃபோன் எடுக்கலாம் என்றேன். அதற்கும் மறுகா என்றார். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன்கோபம் அதிகம், அதை மறைக்கவும் தெரியாது. மறுகா நீங்களும் இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன் அன்ரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். “அது சரிதான் புள்ள. ஆனா ஆர் முந்தி எண்டு தெரியாதே” என்றார்.

அன்றிலிருந்து அவர் வேறு கடைக்குப் போகவில்லை. என்னுடைய வாய்க்குப் பயந்து வராமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த வாய்க்காகவே வந்தவர் அவர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வாவிக்கரைப் பக்கமாக ஒரு குறுகலான ஒழுங்கையில் தனியாக இருந்தார். மார்கழி மழைக்கு அந்த ஒழுங்கையில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். வாவியின் முகத்துவாரம் வெட்டியாச்சா, தண்ணீர் கடலுக்குப் போகத் தொடங்கியாச்சா என்று அந்த நாட்களில் ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். அவர் ஐப்பசியிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார். வீட்டில் எல்லாம் சொப்பிங் பேக்குக்குள்தான். தேங்காய்ப்பூத் துருவி, குடும்ப அட்டை, சாமிப்படம்கூட. ஒரு தடவை நான் பிளேன்ரீக்குச் சீனி கேட்டேன், மூன்று பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அவிழ்த்து எடுத்துத் தந்தார். இதென்ன, சீனிக்குச் சீமந்தமா என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் திரும்ப மூன்று பையையும் கட்டித்தான் வைத்தார்.

இந்தப் பயம் வெள்ளத்தால் வந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் வேலை பார்த்தது ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு வயரை எடுத்துக் குத்தி ஊருக்கு ஊர் இணைத்துவிட்ட காலம் அது. அந்த வேலையைப் பழகி முடிக்கிற நேரத்தில் எல்லாம் தானாக இணைகிற மெஷின் வந்தது. அவரைத் தந்திப் பக்கம் போட்டார்கள். தந்தி எப்போதும் இருக்கும், சாவு வீடும் கலியாண வீடும் இருக்கும் மட்டும் தந்தி இருக்கும் என்று கொழும்பில் இருந்து வந்த அதிகாரி சொன்னாராம். தந்தி போனது. ஃபேக்ஸ் வந்தது. அதைப் பழக்க வந்தவரும் அதையேதான் சொன்னாராம். ஓய்வு பெறுகிற நாளில் அந்த ஃபேக்ஸ் மெஷினுக்கு மேல் தபால் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

“நான் படிச்சதெல்லாம் என்னய விட முந்திப் பென்சன் எடுத்திற்று” என்பார்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் கடைசியில் ஒரு டெப் வந்து சேர்ந்தது. படம் பார்க்கும் டெப் அல்ல, புத்தகம் வாசிக்க மட்டும் செய்த டெப். மின்வாசிப்பான் என்று பத்திரிகையில் எழுதுவார்கள், எங்கள் ஊரில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. நோர்வேயில் இருக்கும் தம்பி அனுப்பியிருந்தார். காரணம், அவருடைய கண். விழித்திரையின் நடுவில் பழுது. நேரே பார்த்தால் நடுவில் ஒரு கறை, ஓரத்தில்தான் உலகம். அதனால் எதையும் கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சரித்துத்தான் பார்ப்பார். அச்சுப் புத்தகத்தை விட்டு நெடுநாள் ஆகியிருந்தது. ஃபோனின் வெளிச்சம் பட்டால் கண்ணில் தண்ணீர் ஓடும். இந்த டெப்பின் திரையில் பின்னால் வெளிச்சம் கிடையாது. சாம்பல் நிறக் கடதாசியில் கறுப்பு மை போல எழுத்து நிற்கும். ஜன்னல் வெளிச்சத்திலேயே வாசிக்கலாம்.

ஆனால் தமிழ் வரவில்லை. அதற்காகத்தான் அதை என்னிடம் கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். பக்கம் முழுக்க அப்படித்தான் எழுத்துகள் கழன்று கிடந்தன.

“ஆரோ தமிழ அடிச்சு முறிச்சுப் போட்டாங்கள் புள்ள” என்றார்.

எழுத்தை ஒட்டவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்தக் கம்பனி தமிழைப் பற்றி நினைக்காமலே அந்த மொடலைச் செய்திருந்தது. வெளியில் இருந்து வேறு எழுத்துரு ஒன்றை உள்ளே போட்டு, எழுத்தின் அளவையும் அவர்கள் விட்ட எல்லைக்கு மேல் ஏற்றினேன். எல்லாம் முடிந்தபோது ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. குழந்தைகளுக்கு அரிச்சுவடி காட்டுகிற மாதிரி இருக்கே என்று தயங்கித்தான் நீட்டினேன். அவர் தலையைச் சரித்து, முதல் வரியில் தொடங்கி எட்டாவது வரி மட்டும், கடைக்குள் நின்றபடியே வாய்விட்டு வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். அடுத்த எட்டு வரி. வீதியில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, அவருக்குக் கேட்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு எத்தனை தரம் எரிச்சலூட்டியிருந்தாலும் அது மாறவில்லை.

வாசிப்பென்றால் அப்படி ஒரு வாசிப்பு. கண் கிளினிக்கில் அவருடைய நம்பரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர்தான் உலுப்பிச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் கலியாணத்தில் கடைசி வரிசையில் இருந்து வாசித்து, தாலி கட்டினதைக் காணாமல் விட்டார். எல்லோரும் எழும்பி அட்சதை போட, கையில் இருந்த அரிசியை அப்படியே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மணப்பொம்பிளையின் தாய் இன்றைக்கும் அதைச் சொல்லிக் குறைப்படுகிறார்.

ஆனால் அந்த டெப் ஒருபோதும் வைஃபையோடு சேரக் கூடாது. இது அவர் போட்ட சட்டம். திரையின் மூலையில் ஆகாயவிமானக் குறி ஒன்று இருக்கும், தொடர்பு எல்லாம் பூட்டியிருக்கிறது என்று அதற்குப் பொருள். வெளியில் இறங்குமுன் காஸ் பூட்டியாச்சா என்று பார்ப்பதுபோல அந்தக் குறியைப் பார்ப்பார். புத்தகம் போட வேண்டுமென்றால் டெப்பைப் பைக்குள் பையாகச் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார், நான் வயர் கொடுத்து ஏற்றி விடுவேன். அன்ரி, வீட்டில் இருந்தே காற்றில் இறக்கலாமே என்றால், காற்றில் இறங்குவது புத்தகம் மட்டும்தானா என்பார். அவர் சொன்னது பிழையில்லை. தொடர்பைத் திறந்தால் அப்டேட் வரும். அப்டேட் வந்தால் நான் வெளியில் இருந்து போட்ட எழுத்து நிற்குமோ நிற்காதோ என்பது எனக்கே தெரியாது. பழைய மொடல்களைக் கம்பனிகள் ஒவ்வொன்றாகக் கைகழுவுகின்றன என்ற செய்தியும் அப்போது வந்துகொண்டிருந்தது.

அந்தச் செய்திகளை யூடியூப்பில் யாரோ பேசக் கேட்டுவிட்டுத்தான் கடைக்கு வருவார். வந்தால் எனக்கு அரைநாள் வேலை போகும். அப்போது நான் புதுச் சாமான்களின் பைத்தியம். கலர் மைத் திரை வந்துவிட்டது, கடதாசியைப் போலச் சுருட்டி வைக்கிற திரை வரப்போகிறது, தடித்த புத்தகத்தை மெஷினே வாசித்து ஒரு பக்கத்தில் சுருக்கிச் சொல்லும், எந்தக் குரலில் வேண்டுமோ அந்தக் குரலில் சத்தமாக வாசித்துக் காட்டும் என்று அடுக்கிக்கொண்டு போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

“புத்தகமெல்லாம் எங்க இரிக்கும்?”

இப்போதைப்போல டெப்பில் இராது, கம்பனியின் பெரிய கணினிகளில் இருக்கும், நாங்கள் தேவைக்கு எடுத்து வாசிக்கலாம் என்றேன். அப்படியானால் வாங்கின புத்தகம் என்னுடையதா, அவர்களுடையதா என்றார். வாசிக்க அனுமதிதான் வாங்குகிறோம் என்று மெதுவாகச் சொன்னேன். அனுமதியை எடுத்தால் மறுகா என்றார். அதோடு விட்டாரா, இல்லை. அவர்கள் திரையை மாற்றுகிறார்கள், எழுத்தை மாற்றுகிறார்கள், அப்படி மாற்றுகிறபோது தமிழ் சரியா என்று பார்க்க அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேட்டார். ஒருவராவது இருப்பார் என்றேன்.

“அந்த ஒரு ஆள் வேலய விட்டுப் போனா, மறுகா?”

இந்தக் கேள்வி என்னை ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் மொத்த வியாபாரி புது மொடல் கொண்டுவந்தால் என்ன விசேஷம் என்று கேட்பேன். இப்போது உதிரிப்பாகம் எத்தனை வருடம் வரும், தமிழ் எப்படித் தெரியும், கம்பனி கைவிட்டால் நாங்கள் திறந்து வேலை செய்யலாமா என்றெல்லாம் கேட்கத் தொடங்கினேன். உங்களுக்கு என்ன நடந்தது தங்கச்சி என்று அந்த மனிதர் ஒருநாள் கேட்டார். எனக்கு அவருடைய பயம் தொற்றிவிட்டது, வேறென்ன.

அவருடைய பயத்தின் அடியில் என்ன இருந்தது என்று அவர் சொன்னது ஒருமுறைதான். கிளினிக்கில் இருந்து நேரே கடைக்கு வந்திருந்தார். கண்ணின் கறை பெருத்துக்கொண்டு போகிறது, நிறுத்த வழியில்லை, எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டெப்பைப் பையில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“இது முந்திப் போனா கண் இரிந்தும் வாசிக்க ஏலா. கண் முந்திப் போனா இது இரிந்தும் வாசிக்க ஏலா. கண் இரிக்கும் மட்டும் இது இரிக்கோணும் புள்ள. அவ்வளவு காணும் எனக்கு.”

குரலில் வாசிக்கிற மெஷின்தான் இருக்கிறதே என்று அன்றைக்கும் நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது, அன்றைக்கு ஆறுதல் என்று நினைத்தேன். ஃபோனில் ஒரு தமிழ்க் கதையை அப்படி ஓடவிட்டும் காட்டினேன். ஒரு பெண்குரல் தடங்கல் இல்லாமல் வாசித்தது. சாவையும் சமையலையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனது. கொஞ்சம் கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார்.

“இதக் கேட்டா அது வாசிச்சதா இரிக்கும். நான் வாசிச்சதா இராது” என்றார். ஆயுள் முழுக்க ஆரோ கதைத்ததைக் காதால் கேட்டு வேலை செய்தவர். வாசிக்கிறபோது மட்டும்தான் தலைக்குள் தன்னுடைய சொந்தக் குரல் கேட்கிறதாம்.

அடுத்த ஆடி மாதம் தம்பியின் மகன் நோர்வேயில் இருந்து வந்தான். முப்பது வயதுப் பொறியியலாளர். நல்ல பிள்ளை. தாய் யாழ்ப்பாணம் என்பதால் வீட்டில் பேசிப் பழகினது யாழ்ப்பாணத் தமிழ். வந்த கிழமையே மாமியிடம் டெப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறான். மாமிக்குப் பரிசாக ஒரு நாவலை வாங்கி ஏற்றி வைப்போம் என்று அந்த ஆகாயவிமானக் குறியை எடுத்துவிட்டிருக்கிறான். மாமி குசினியில் அவனுக்காக நண்டு சமைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அப்டேட் ஒன்று வந்து கேட்டிருக்கிறது. அவன் யோசிக்காமல் அழுத்தியிருக்கிறான். இணைய லைன் போதாமல் அது பாதியில் நின்றுவிட்டது. விறாந்தையில் இருந்தபடி, மாமி, அப்டேட் ஒன்று நின்று போனது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறான். சட்டியில் எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் அவருக்கு அப்டேட் என்ற சொல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. பதறிப்போய் உள்ளே இருந்து சத்தம் போட்டிருக்கிறார்.

“மறுகா மகன், மறுகா. மறுகா.”

இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று அதற்கு எங்கள் ஊரில் பொருள். அந்தச் சொல்லை அவன் முதல் தடவையாகக் கேட்கிறான். மறுபடியும் போடு என்று மாமி சொல்வதாக விளங்கிக்கொண்டான். மூன்று தரம் சொன்னாரே, அவசரம்தான் என்று நினைத்தானாம். மறுபடியும் போட்டான். அப்டேட் ஓடி, திரை மாமி விட்ட பக்கத்துக்கே திரும்பி வந்து நின்றது.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். பைகளை அவிழ்த்து டெப்பை நீட்டினார். பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. திரையில் பக்கம் இருந்தது, எட்டு வரியும் துலக்கமாக இருந்தன. ஒன்றும் ஆகவில்லையே அன்ரி என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன். திரும்பவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சார்ஜரில் போட்டேன். ஒரு அசைவும் இல்லை. அப்போதுதான் விளங்கியது. இந்த மாதிரித் திரைக்குப் பக்கத்தை மாற்றத்தான் கரண்ட் வேண்டும், வைத்திருக்க வேண்டியதில்லை. மெஷின் செத்துப்போய்க் கிடந்தது. அவர் கடைசியாக விட்ட பக்கம் மட்டும் திரையில் அப்படியே நின்றது.

மருமகனை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. பற்றரி பழசு, அதுதான் போனது என்று அவனிடம் சொல்லியிருந்தார். நானும் அதையேதான் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அவன் ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போய், கலரில் மின்னுகிற புது டெப் ஒன்றை அனுப்பினான். அதை நான்தான் திறந்தேன். வெளியில் இருந்து எழுத்துரு போட அது விடவில்லை. எழுத்தைப் பெருப்பிக்கப் பெருப்பிக்க ஓர் அளவில் நின்றுவிட்டது. அது அவருடைய கண்ணுக்குப் போதாது, வெளிச்சமும் குத்தியது. துடைத்து, பையில் போட்டு, அலுமாரியில் வைத்துவிட்டார்.

செத்த டெப்பை நான் கழற்றிப் பார்த்தேன், தெரிந்தவர்களிடம் காட்டினேன், ஒரு வழியும் இல்லை. அவர் அதைத் திரும்பக் கேட்டார். எதற்கு என்றேன்.

“ஒரு பக்கம் இரிக்கிதே” என்றார்.

அந்தப் பக்கம் எனக்கும் மனப்பாடம். ஒரு பழைய நாவல். பெண் ஒருத்தி துறையில் நின்று காத்திருக்கிறாள். கடைசி வரிகள் இப்படி: 'தோணி கரையில் முட்டியது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் விளக்கை உயர்த்திப் பிடித்தாள். அவன்'. அவ்வளவுதான். எட்டாவது வரி அந்தச் சொல்லோடு முடிந்திருந்தது. தமிழில் என்ன நடந்தது என்பது வசனத்தின் கடைசிச் சொல்லில்தானே வரும். அந்தச் சொல் அடுத்த பக்கத்தில் இருந்தது.

நாவல் என் கணினியில் இருக்கிறது, அடுத்த சொல்லைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். முழுப் புத்தகத்தையும் அதே பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றேன். பக்கத்துக்கு எட்டு வரி என்றால் அது சாக்கு மூட்டையாக வரும், மழைக்கு எங்கே வைப்பது என்றார். எனக்குக் கோபம் வந்தது. மனிதருக்கு உதவி செய்யவும் ஒரு அளவு வேண்டாமா என்று கடையில் உதவிக்கு நிற்கும் பையன்களிடம் புறுபுறுத்தேன். ஆனால் அதே மொடல் டெப் ஒன்று தேடுவதை நான் விடவில்லை. கடை பூட்டுகிற நாட்களில் அவருடைய வீட்டுக்குப் போய்வருவேன். ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, செத்த டெப்பை மடியில் வைத்து, தலையைச் சரித்து, அந்த எட்டு வரியை வாசித்துக்கொண்டிருப்பார். அவருடைய உதடு அசைவதைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருக்கும். வாசிக்கலாம் புள்ள, இன்னும் வாசிக்கலாம் என்பார். அதைக் கேட்டு எனக்கும் ஆறுதல்தான். கண் நிற்கிறது, மெஷின் ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் வந்தாறுமூலையில் கிடைத்தது. கம்பஸில் எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் அதே மொடலை வாங்கி, பிடிக்காமல் மேசை லாச்சியில் போட்டு வைத்திருந்தார். அப்டேட் ஏதும் போட்டீர்களா சேர் என்று, நோயாளியிடம் காய்ச்சல் இருந்ததா என்று விசாரிப்பதுபோல விசாரித்தேன். திறந்தே பார்க்கவில்லை என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தேன். கடைக்கு வந்து எழுத்துருவைப் போட்டு, அளவை ஏற்றி, அந்த நாவலையும் ஏற்றி, சரியாக அந்த எட்டு வரியில் கொண்டுவந்து நிறுத்தினேன். அடுத்த பக்கத்தை அவரே திருப்பட்டும் என்று ஆசை. அந்தப் பக்கத்தை நான்கூடத் திறந்து பார்க்கவில்லை.

நல்ல மத்தியான வெயில். ஜன்னல் திறந்திருந்தது, வாவியில் இருந்து காற்று வந்தது. டெப்பைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். வாய்விட்டு வாசித்தார், ஒரு சொல் தடக்கவில்லை. 'அவள் விளக்கை உயர்த்திப் பிடித்தாள். அவன்' என்று வந்து நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொத்தானை அழுத்தினார்.

தலையை மற்றப் பக்கம் சரித்தார். டெப்பை ஜன்னலுக்குக் கிட்டப் பிடித்தார்.

“இன்னும் வரல்ல” என்றார்.

எட்டிப் பார்த்தேன். வந்திருந்தது. எட்டு வரி, ஒவ்வொரு எழுத்தும் என் பெருவிரல் அகலம். வந்திரிக்கு அன்ரி என்றேன்.

அவர் பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பினார். பழைய எட்டு வரியை இப்போது வாசிக்கவில்லை, பார்த்தார். ஒரு சொல்லில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். திரும்ப முன்னுக்கு வந்தார். திரும்பவும் பின்னுக்குப் போனார். அவருடைய முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கிய நேரமும் அவருக்கு விளங்கிய நேரமும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

“கண் எப்ப போச்செண்டு எனக்கே தெரியா புள்ள” என்றார். “இவ்வளவு நாளும் வாசிக்கிறன் எண்டுதான் நான் இரிந்தன்.”

அவர் டெப்பை என் கையில் தந்தார்.

“முதல் சொல்லு என்ன?”

“வரவில்லை” என்று வாசித்தேன்.

அவர் கதிரையில் சாய்ந்தார். “நான் அவன ஒவ்வொரு நாளும் வரப் பண்ணிக்கிட்டு இரிந்தன்” என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத குரல் அது. நான் நிற்கிற இடத்தைக் கையால் தேடி, என் சட்டையைப் பிடித்து, ஜன்னல் பக்கம் இழுத்தார்.

“வெளிச்சத்துக்கு வந்து இரி. இருட்டுக்க நிண்டு வாசிச்சு நீயும் கண்ணக் கெடுத்துக்காத.”